சாயங்காலம் மூடிக்கொள்ளும் மஞ்சள் அல்லி

குளத்தை மூட விடுவதில்லை என்று ஆடிட்டர் சபதம் எடுத்தார். மனைவி எதிரில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

பின்னே? அந்த வீட்டில் அவர் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்பவை தோட்டத்துக் குளத்து மீன்கள் மட்டும்தான். அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தாள் மகராசி.

"ஏங்க, குளமெல்லாம் ஒரே பாசி. கழுவச் சொன்னா முதுகுவலி. மாடித் தண்ணித்தொட்டியைக் கழுவச் சொன்னாலும் முதுகுவலி. பேசாம மண்ணைப் போட்டு மூடிட்டு, துணி காயப்போடக் கொடி கட்டிக்கிறேன்."

"மஞ்சள் அல்லி வச்சிருக்கேன்டி! பூக்கட்டும், அப்புறம் பேசு."

"மாசக் கடைசிக்குள்ள பூத்தா குளம் உங்களுக்கு. இல்லேன்னா கொடி எனக்கு."

பனிக்கும் சாகாது, வெயிலுக்கும் அசராது என்று நர்சரிக்காரர் அவர் தலையில் கட்டிய ரகம். சாகவில்லைதான். பூக்கவும் இல்லை. இலையாக விட்டுத் தள்ளியது. கெடு நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரார் தில்லுமுல்லையெல்லாம் மோப்பம் பிடிக்கிற மனுஷன், கடைசியில் தானே ஒன்றில் இறங்கினார். பிளாஸ்டிக் மஞ்சள் அல்லி ஒன்றை வாங்கிவந்து இலைகளுக்கு நடுவே மிதக்கவிட்டார்.

"அடடே, பூத்திடுச்சே!" மனைவிக்கு வாயெல்லாம் பல். ஆடிட்டருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் அவள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம ஊர் அல்லிதான் ராத்திரி பூக்கும், இந்த மஞ்சள் அல்லி வெயில் தாழ்ந்தா மூடிக்குமாமே? இது என்ன, கொட்டக்கொட்ட முழிச்சிட்டிருக்கு?"

"புதுசுல்ல, கூச்சம் தெரியலை. நாளையிலேர்ந்து பாரு, மூடிட்டு இலைக்கு அடியில போயிடும்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கிப் பூவை எடுப்பார். காலையில் இறங்கி வைப்பார். ஒரு நாள் பாசி வழுக்கி மல்லாந்து விழுந்தார். பாசியைச் சுரண்டினார். சேற்றில் கால் புதைந்தது. சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. மாசக் கடைசியில் பார்த்தால் குளத்தின் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது.

மனைவி குளத்தைச் சுற்றிவந்து தீர்ப்புச் சொன்னாள். "நான் சொன்ன சொல் மாறமாட்டேன். குளம் உங்களுக்கே."

ஜெயித்துவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக! மீன்களிடம் பீற்றிக்கொள்ளக் கிளம்பியவரை அவள் கூப்பிட்டாள். முதுகுக்குப் பின்னாலிருந்து புத்தம்புது பிளாஸ்டிக் அல்லி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க, நீங்க வாங்கின அதே கடைதான். மாடித் தண்ணித்தொட்டியில விட்டுட்டு வாங்க. சாயங்காலமானா மறக்காம இறங்கி எடுத்திடணும், என்ன?"