கறுப்புக் காருக்குள் இருந்த வெள்ளைக் கார்

பேசாலை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு,

போன கிழமைக்கு முதல் கிழமை, செவ்வாய்க்கிழமை முற்பகல் 10.42க்குத் தங்கள் செய்தி வந்து சேர்ந்தது. அப்போது நான் ஐஸ் தொழிற்சாலையில் கொம்பிரசரின் அமுக்கத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு திருத்தமாகத் தெரியும். அந்த நிமிடத்துக்கு எதிரே அமுக்கத்தை எழுதாமல் "ஹம்சிகாவுக்குக் கலியாணம்" என்று எழுதிவிட்டேன். மைத்துனிக்குக் கலியாணம் என்றால் சந்தோஷம்தானே, மாமா. தாங்களும் மாமியும் சுகமென்றும், பெரியமடுவில் மழை பொய்த்தாலும் குளம் வற்றவில்லையென்றும் நம்புகிறேன். என்னைப் பற்றி எழுத வேண்டிய இந்த இடத்தில், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்பதை அறியத் தருகிறேன்.

தங்கள் குரல் செய்தி பதினேழு விநாடி. "தம்பி, ஹம்சிக்குக் கலியாணம் முற்றாக்கியாச்சு. பொம்பிளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக அந்தக் கறுப்புக் காரைக் கொண்டந்து விடுங்கோ, என்ன." இதைப் பதினொரு தரம் கேட்டேன். கொண்டந்து விடுங்கோ என்றால், மறக்காமல் கொண்டு வாருங்கள் என்றும் எடுக்கலாம். கொண்டு வந்து விட்டுவிட்டுப் போங்கள் என்றும் எடுக்கலாம். ஒரு அறிவுறுத்தலுக்கு இரண்டு பொருள் வருமென்றால் அதை மெஷினில் ஒட்டவே கூடாது என்றுதான் தொழில்நுட்பக் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். கேட்டுத் தெளிந்திருக்கலாம். ஆனால் "கார் மட்டுமோ, நானுமோ" என்று மாமாவிடம் எந்த மருமகன் கேட்பான். பெண்சாதியைப் பறிகொடுத்தவன் மணவறைக்கு முன்னால் நின்றால் எங்கள் ஆட்கள் ஒருவரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். கதிரையை மட்டும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போடுவார்கள். கீர்த்திகாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத்திவசம் முடிந்து இரண்டு மாதந்தான். ஆகவே நான் வருகிறேனோ இல்லையோ, கார் என்றாலும் குறையில்லாமல் வர வேண்டுமென்று தீர்மானித்தேன். பிழை எல்லாம் அந்தத் தீர்மானத்தில் இருந்துதான் தொடங்கியது.

கார் பதினான்கு மாதமாக வளவுக்குள் தார்ப்பாய்ப் படங்கு மூடியபடி நின்றது தாங்கள் அறிந்ததே. பாதுகாப்புக்கென்று நான்தான் மூடினேன். இந்தத் தீவில் சோளகக் காற்று அடிக்கிற அடிக்கு மணல் படங்குக்குள்ளே புகுந்து, படங்கு ஆட ஆட, பதினான்கு மாதம் இரவு பகலாகக் காரை அரம் போட்டிருக்கிறது. திறந்தபோது கார் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு பக்கக் கதவில் தெருக் கழுதைகள் முதுகு சொறிந்த அடையாளம், கழுதை உயரத்திலேயே, நேர்கோடாக இருந்தது. கழுவிப் பார்த்தேன். கழுவின பிறகு சாம்பல் போய்ச் சிலந்தி வலை போலக் கீறல்கள் வந்தன. கறுப்பு நிறம் ஒன்றையும் மறைக்காது, மாமா. வெள்ளைக் கார் என்றால் பத்து வருஷத்துக் கீறலையும் விழுங்கிக்கொண்டு நிற்கும்.

பக்கத்து ஒழுங்கையில் கார் பெயின்ற் அடிக்கிற பக்கீர் நானாவிடம் பொலிஷ் மெஷின் இரவல் கேட்கப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி முந்தி இது பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை, ஆனால் மோட்டர் வேலை எல்லாம் தெரியும் என்றேன். "மோட்டர் தெரிஞ்ச ஆளுக்குத்தான் தம்பி இதக் குடுக்கப் பயம். தெரியாத ஆள் பயந்து பயந்து செய்வான். ஒண்டு மட்டும் கேட்டுக்கங்க. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரே இடத்துல நிண்டா பெயின்ற உரிச்சிரும்" என்று சொல்லி, மெஷினும் கம்பளிச் சக்கரமும் தேய்க்கிற மஞ்சள் பசையும் ஒரு டப்பா மெழுகும் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் தொடங்கினேன். நிழலில் செய்ய வேண்டும் என்று டப்பாவில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். என் கையில் சூடு பார்க்கிற கருவியும் இருந்தது. பொனற்றில் பிடித்துப் பார்த்தேன், அறுபத்து மூன்று பாகை. அறுபத்து மூன்று என்று குறித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். இப்போதெல்லாம் நான் இப்படித்தான், எல்லாம் தெரியும், தெரிந்தது கைக்குப் போய்ச் சேருவதில்லை. பசையைப் பூசிய மறுநிமிடமே அது சீமெந்து போல இறுகிவிட்டது. சரியென்று இன்னும் பூசி மெஷினைப் போட்டேன், சக்கரம் சுழன்ற வேகத்தில் பசை முழுக்கச் சுவரிலும் என்ர கண்ணாடியிலும் கொடியில காய்ந்த ஒரேயொரு நல்ல சேட்டிலும் தெறித்தது, அந்தச் சேட்டைத்தான் கலியாணத்துக்கென்று தோய்த்துப் போட்டிருந்தனான். கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுத்தேன். அப்பதான் அந்த "விடுங்கோ" திரும்ப வந்தது. மாமா அதைச் சொல்லேக்க குரல் இறங்கினதோ, ஏறினதோ என்று யோசிச்சுக்கொண்டு நின்றிட்டன். மெஷினும் என்னோட நின்றிட்டுது. ஒரு மணம் வந்தது. எடுத்துப் பார்த்தால் பொனற்றின்ர நட்டநடுவில சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் கறுப்பு இல்லை. வெள்ளை தெரியுது.

அண்டர்கோட்டாக்கும் என்று நினைப்பீர்கள். பக்கீர் நானா வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது அண்டர்கோட் இல்ல தம்பி. நல்ல பளிங்கு வெள்ளை. கார் பொறந்ததே வெள்ளையாத்தான். யாரோ பிறகு கறுப்படிச்சுத் தலையில கட்டியிருக்காங்க. மாமாவுக்குத் தெரியுமா இது?"

மாமா, ஜப்பானில் இருந்து வந்த அசல் கறுப்பு என்று தாங்கள் மன்னார் முழுக்கக் காட்டி, எங்கள் கலியாணத்துக்குத் தந்த கார் இது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு இது புதுச் செய்தி இல்லை. கலியாணமாகி நாலாம் நாள், கதவு ரப்பர் கழன்ற இடத்தில் கீர்த்திகா வெள்ளையைக் கண்டுவிட்டா. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, சத்தம் போடாமல் சிரிச்சுச் சிரிச்சு நிலத்தில இருந்திட்டா. பிறகு, "இஞ்சேருங்கோ, அப்பாட்ட மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. அந்த மனுசன் கோயில் ஐயரைக் கூட இதில ஏத்தி ஒரு சுற்றுச் சுத்தினவர்" என்றா. பசை போட்டு அந்த ரப்பரைத் தன் கையாலேயே ஒட்டினா. நாலு வருஷம் காத்த இரகசியத்தை ஒரு மத்தியானத்தில நான் உரிச்சுப் போட்டன்.

இனி என்ன, மெழுகையாவது பூசுவம் என்று கார் முழுக்கப் பூசினன். பூசிக் கால் மணித்தியாலம் காய விட வேணும் என்று டப்பாவில் இருந்தது. உள்ளே போய்க் கதிரையில் இருந்தன். எவ்வளவு நேரம் இருந்தன் என்று தெரியாது, கால் மணித்தியாலம் இல்லை. வெளியே வந்தால் சோளகம் கடற்கரையில இருந்த மணலில ஒரு பங்கைக் கொண்டு வந்து மெழுகில அப்பியிருக்கு. சீனி தூவின தொதல் மாதிரி நிற்குது கார். மெழுகில தேங்காய் வாசம் வேற. இரண்டு கழுதையள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து ஆளுக்கொரு பக்கம் நக்கிக்கொண்டு நின்றதுகள். மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்த பக்கீர் நானா சொன்னார், "கலைக்காதீங்க தம்பி. உங்களை விட அதுகள் நிதானமா வேலை செய்யுதுகள்."

ஆதலால், மாமா, கார் வராது. வவுனியாவில் வாடகைக்குக் கார் பேசலாம். வெள்ளையே பேசுங்கள், அதற்குள் வேறு நிறம் இருந்தாலும் ஒருவரும் உரிக்கப் போவதில்லை. தாங்கள் கேட்டது காரை. காரே வராதபோது நான் வருவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். ஹம்சிகாவும் மாப்பிள்ளையும் நோய் நொடியின்றி, ஒருவரை ஒருவர் முந்தாமல், நெடுங்காலம் வாழ வேண்டுமென்று அக்காவின் புருஷனாக வேண்டிக்கொள்கிறேன். மாமிக்கு என் வணக்கம். அழ வேண்டாமென்று சொல்லுங்கள்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
பிரசாந்தன்

பி.கு: கடித உறையை ஒட்டின பிறகு திரும்பக் கிழிச்சு எழுதுறன். இண்டைக்கு வெள்ளி, கலியாணம் ஞாயிறு. தபாலில போட்டால் இது உங்கட கையில வர அடுத்த புதனாகும். வேற கார் பேசச் சொல்லி மட்டும் உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டிட்டன். கடிதத்தை ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில நானே கொண்டு வாறன். நீங்கள் இதை வாசிக்கேக்க நான் உங்களுக்கு முன்னாலதான் நிற்பன், மஞ்சள் புள்ளி போட்ட சேட்டோட. கார் பற்றி எழுதினது எல்லாம் மெய். நான் வரமாட்டன் எண்டதுதான் பொய். மாமா, பதினாலு மாதமா இந்த வீட்டில எனக்கு நடந்த ஒண்டைச் சொல்ல ஆளில்லை. கழுதை நக்கினதை எழுதேக்க நீங்கள் சிரிப்பியளோ எண்டு ஒருக்கா நினைச்சுப் பார்த்தன், கீர்த்திகாவின்ர சிரிப்பு உங்கட முகத்தில இருந்து வந்ததுதானே, அதைப் பார்க்க வேணும் போல கிடக்கு. கடைசி வரிசையில இருந்தாலும் எனக்குப் போதும். ஒரேயொரு பயந்தான். இடையில நீங்கள் ஃபோன் எடுத்து, "பரவாயில்லைத் தம்பி, உங்களுக்குக் கஷ்டமெண்டால் வராதேங்கோ" எண்டு நல்ல மனசோட சொன்னால், நான் வழியில பள்ளமடுச் சந்தியில இறங்கி அடுத்த பஸ்ஸில திரும்பிடுவன். அதனால இப்பவே ஃபோனை நிற்பாட்டிப் போட்டன்.