அம்மா வைக்காத மீன் குழம்பு

பொய் சொல்லாதவர்கள் யாரும் இல்லை. குளியலறையில் நின்றுகொண்டே போனில் "இதோ கிளம்பிட்டேன்" என்கிறோம். அது அத்தோடு போய்விடும். நான் சொன்ன பொய்யை மட்டும் இரண்டு கேமராவில் படம்பிடித்து, பின்னணியில் வயலின் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் சாப்பிடுகிற நேரத்தில் ஒளிபரப்பினார்கள். இணையத்தில் இன்னமும் இருக்கிறது. (தேட வேண்டாம். தேடினால் கிடைத்துவிடும்.)

நான் பிறந்தது காரைக்காலை அடுத்த நெடுங்காட்டில். அப்பாவுக்கு வயல்தான் எல்லாம். வீடு சுத்த சைவம். எதிர்வீட்டில் மீன் பொரித்தால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்துவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தருமபுரத்து முரளியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். முரளி வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் மீன். மீதி இரண்டு நாள் மீனைப் பற்றிய பேச்சு.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் என் அம்மாவும் மாமியாரும் "நல்லா இருக்கீங்களா", "இருக்கோம்" என்ற இரண்டு வாக்கியங்களைத் தாண்டவில்லை. அம்மா எங்கள் வீட்டுக்கு மொத்தம் இரண்டே முறை வந்திருந்தார். இரண்டு முறையும் இளநீர் மட்டும் குடித்தார். இளநீருக்குப் பாத்திரம் வேண்டியதில்லை. அத்தைக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் இரண்டு முறையும் தன் கையாலேயே இளநீரைச் சீவிக் கொடுத்தார். சண்டை இல்லை, சமாதானமும் இல்லை. அந்த நிலைமையைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் ஆறு வருடமாக என் முழுநேர வேலை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுப்பது அதற்கடுத்துதான்.

இந்த நேரத்தில் திவாகர் போன் செய்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். இப்போது ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கும் ஒரு பயண நிகழ்ச்சிக்கு இயக்குநராக இருந்தான்.

"பவானி, காரைக்கால் எபிசோடு பண்றோம். கடற்கரையில ஒரு குடும்பத்துப் பொண்ணு மீன் குழம்பு வைக்கணும். உங்க வீட்ல நல்லா இருக்கும்னு முரளி சொன்னாரே. நீதான் வைப்பியா?"

"பின்ன?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எனக்கு மீன் சாப்பிடத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு பழகியது. மீனின் செவுள், துடுப்பு, பக்கக் கோடு எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிப்பேன். அதைக் குழம்பில் எப்போது போட வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

அத்தையிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் டிவிலல்லாம் வர மாட்டேன். எனக்குக் கூச்சமா இருக்கும். நீ முன்னாடி நில்லு, நான் பக்கத்துல ஒக்காந்து ஆக்கித் தர்றேன்" என்றார். பிறகு, "சட்டியை நான்தான் கொண்டு வருவேன். அவனுங்ககிட்டக் குடுக்காத" என்றார்.

சனிக்கிழமை காலை முதல் காட்சி திருவேட்டக்குடியில். படகில் வந்த மீனை நான் பேரம் பேசி வாங்க வேண்டும். மீன் விற்க செல்வி என்ற அந்த ஊர் அம்மாளையே பேசி வைத்திருந்தார்கள். தொகுப்பாளர் கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர். வந்ததிலிருந்து "காரைக்காலில் காலை வைத்ததும் காலை" என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

கேமரா ஓடியது. நான் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினேன்.

"இந்த வஞ்சிரம் எப்படிக் குடுக்குறீங்க?"

"அது சீலா" என்றார் செல்வி.

திவாகர் நிறுத்தினான். மறுபடி எடுத்தார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வேறு மீனை எடுத்தேன்.

"இந்தச் சீலா எப்படி?"

"இது கிழங்கா."

மூன்றாவது தடவை திவாகர் செல்வியிடம் பணிவாகவே சொன்னான். "அம்மா, அவங்க எது சொன்னாலும் நீங்க ஆமான்னுட்டுப் போங்க. இது சும்மா ஷூட்டிங்தான்."

"உங்களுக்கு ஷூட்டிங். நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க, ஏன் செல்வி, கிழங்காவைச் சீலான்னு விக்கிறியாமேன்னு?" செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பொண்ணு வேணாம் சார். அந்தம்மாவக் கேக்கச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும்."

அவர் கைகாட்டிய இடத்தில் அத்தை நின்றிருந்தார். நாங்கள் மூன்று டேக் எடுத்து முடிப்பதற்குள் பக்கத்துக் கூடையில் நல்ல கொடுவா ஒன்றைப் பார்த்து, செவுளைத் தூக்கிச் சோதித்து, பேசி முடித்து, துண்டுகளாக வெட்டியும் வாங்கிவிட்டிருந்தார். கடைசியில் நான் வாயைத் திறக்காமல் விரலால் மீனைக் காட்டுவது போலவும், செல்வி எங்கோ பார்ப்பது போலவும் ஒரு காட்சி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

சமையல் காட்சி காரைக்கால் கடற்கரையில். பத்து மணிக்கெல்லாம் காற்று ஏறிவிட்டது. அடுப்பில் தீ நிற்கவில்லை. வெளிச்சத்துக்காக வைத்திருந்த வெள்ளைப் பலகைகளைக் காற்றுக்கு மறைப்பாக வைத்தார்கள். அடுப்பு எரிந்தது, என் முகம் இருட்டாகிவிட்டது. முகத்துக்கு வெளிச்சம் காட்டினால் அடுப்பு அணைந்தது. பார்ப்பவர்களுக்கு எது முக்கியம் என்று ஒரு விவாதம் நடந்தது. அடுப்பு ஜெயித்தது.

கேமராவின் சட்டத்துக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, அத்தை மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒவ்வொன்றாகப் போடுவார். கேமரா வருவதற்குள் கையை இழுத்துக்கொள்வார். அந்த இடத்தில் என் கை போகும். புளியைக் கரைத்தது அவர் கை, ஊற்றியது என் கை. திரையில் பார்த்தால் எனக்கு இரண்டு வகை வளையல்கள் மாறி மாறி வரும்.

கொதி வந்து மீன் வெந்ததும் தொகுப்பாளர் சாப்பிட்டார். உண்மையாகவே அசந்துபோனார். எழுதிக் கொடுத்த வசனத்தை மறந்து இன்னொரு துண்டு கேட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "இந்தக் கைப்பக்குவம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"எங்க மாமியார்" என்றேன். அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அது.

"கட்" என்றான் திவாகர். என்னைத் தனியே கூப்பிட்டான். "மாமியார்னா செட் ஆகாது பவானி. ஜனங்களுக்கு ஒட்டாது. அம்மான்னு சொல்லு. நெடுங்காட்டுல அம்மா, கடலோரத்துல பொண்ணு, நடுவுல ஒரு மீன் குழம்பு. எப்படி இருக்கு?"

எங்கம்மா சைவம் என்று சொல்லியிருக்கலாம். அத்தை மூன்றடி தூரத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "முகத்துக்கு லைட் வருமா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா" என்று ஏழு தடவை சொன்னேன். முதல் தடவை காற்றுச் சத்தம். இரண்டாவது தடவை குரலில் பாசம் போதவில்லை. மூன்றாவதில் ஒரு நாய் குறுக்கே போனது. நாலாவதில் நான் நன்றாகச் செய்தேன், தொகுப்பாளருக்கு முள் சிக்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு துண்டு மீன் சாப்பிட, நான் ஒரு தடவை அம்மா என்று சொல்ல, அத்தை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது தடவை அடுப்புப் புகை திரும்பி என் கண்ணில் அடித்தது. தாரையாக நீர் வந்தது.

"இதுதான் வேணும்" என்றான் திவாகர். "அம்மா போட்டோ ஒண்ணு அனுப்பு."

அனுப்பினேன். திருநள்ளாறு போயிருந்தபோது எடுத்தது. நெற்றி நிறைய திருநீறு.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அத்தை சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் எதிரே வந்து வணக்கம் சொன்னார், பதில் வணக்கம் வைத்தார். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"உங்கம்மா நல்லாத்தான் வச்சிருக்காங்க. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் வரவில்லை. பருப்பு, கீரை, ரசம். முரளி இரண்டாவது வாரம் மெதுவாக, "என்னம்மா, மீன்காரம்மா வர்றதில்லையா?" என்று கேட்டார். "எனக்கு என்ன தெரியும்? நெடுங்காட்டுக்குப் போன் போட்டுக் கேளு" என்றார் அத்தை. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"தெரியாம சொல்லிட்டேன் அத்தை."

"ஒரு தடவை சொல்லியிருந்தா வாய் தவறிடுச்சுன்னு நெனச்சிருப்பேன். ஏழு தடவை சொன்னே பாரு" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தார்.

ஒளிபரப்பு நாள் வந்தது. நான் முன்னாலேயே நெடுங்காட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். (என்ன சொல்லப்போகிறேன் என்பதைத் தவிர.) அங்கே எங்கள் வீட்டில் தெருவே கூடியிருந்ததாம். திரையில் நான் வந்தேன். புகைக் கண்ணீர் மெதுவாக வழிந்தது. வயலின் எழுந்தது. "எங்கம்மா" என்றேன். உடனே திரையின் பாதியில் திருநீறோடு அம்மா, மறுபாதியில் சட்டியில் கொதிக்கும் கொடுவாத் தலை. கீழே, 'அம்மாவின் கைமணம்.'

அரை நிமிடத்தில் போன் அடித்தது.

"பவானி, டிவில என் பக்கத்துல இருக்கே, அது என்ன?"

"மீன்மா."

"சரி" என்று வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து நெடுங்காட்டில் அம்மாவால் தெருவில் நடக்க முடியவில்லை. கோயிலில் பூக்கட்டும் அம்மாள், "இத்தனை நாளா சொல்லவே இல்லையேக்கா" என்று கேட்டிருக்கிறார். நடவுக்கு வந்தவர்கள் வரப்பில் நிறுத்தி, தக்காளி எத்தனை போடணும் என்று விசாரித்திருக்கிறார்கள். அப்பா சாப்பிடும்போது ஒருமுறை தலையைத் தூக்கி அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாராம். அதைத்தான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சொல்லாமல் வந்திருந்தார். நான் உள்ளறைக்குள் போய்விட்டேன். (ஒளியவில்லை. துணி மடிக்க வேண்டியிருந்தது.) கூடத்தில் பேச்சு கேட்டது.

"சம்பந்தி, ஊரே என்னையக் கேக்குது" என்றார் அம்மா. "எனக்குத் தெரியாதுன்னா எம் பொண்ணு பொய் சொன்னவளாயிடுவா. தெரியும்னா நான் பொய் சொன்னவளாயிடுவேன். அதனால நீங்க எப்படி வைப்பீங்கன்னு சொல்லுங்க. கேக்குறவங்ககிட்ட, இது எங்க சம்பந்தி வைக்கிறதுன்னு சொல்லியே சொல்லிக் குடுத்துடறேன்."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். நான் ஒரே பாவாடையை நாலு முறை மடித்தேன்.

"எழுதிக்கிறீங்களா?" என்றார் அத்தை.

அம்மா பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்தார். தயாராகத்தான் வந்திருந்தார். அத்தை சொல்லச் சொல்ல எழுதினார். கேள்வியும் கேட்டார். புளி பழசா புதுசா, வெந்தயம் முதலிலா கடைசியிலா. இந்த வீட்டில் முப்பது வருடமாக அந்தக் குழம்பைச் சாப்பிட்ட ஒருவரும் அத்தையிடம் அதில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"மீன் வெந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்ணு வெள்ளையாயிடும்."

"ஐயோ பாவம்" என்றார் அம்மா. எழுதிக்கொண்டார்.

நடுவில் அத்தை எழுந்து போய்க் காபி போட்டு, வழக்கமான டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். அம்மா எழுதுவதை நிறுத்தாமல் எடுத்துக் குடித்தார். நானும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வரலாம் என்று முடிவு செய்தேன். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு, நான் அங்கே இல்லாதது போலவே தொடர்ந்தார்கள். அன்று மாலை மீன் வந்தது.

இப்போது தினமும் பதினோரு மணிக்கு இருவரும் போனில் பேசுகிறார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றி. வீட்டில் யார் எதைச் செய்தாலும், முரளி குழாயைச் சரிசெய்தாலும், எங்கள் மகள் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டாலும், "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, என் டிவிக் குரலில், "எங்கம்மா" என்பார்கள். மகளுக்கு நாலு வயதிலேயே இது வந்துவிட்டது.

போன மாதம் அத்தைக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் நானே மீன் குழம்பு வைத்தேன். அம்மா வழக்கம்போல் வீடியோவில் அழைத்தார். அத்தையின் காய்ச்சலை விசாரித்துவிட்டு, "சட்டியக் காட்டு" என்றார். காட்டினேன். இந்த ஜென்மத்தில் ஒரு சொட்டு மீன் குழம்பு நாக்கில் படாதவர், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கூர்ந்து பார்த்தார்.

"பத்தலை. இன்னும் சுண்டணும்."

நான் கரண்டியோடு அத்தையைப் பார்த்தேன். அவர் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.