மச்சான் காருக்கு வந்த குளிர்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம், நீ விட்டுப்போன கார் உட்பட. அங்கே உன் வீட்டுக்காரியும் புதுக் குட்டி ராணியும் நலந்தானே?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஏசியெல்லாம் பிரமாதம், ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன்லேர்ந்து குழந்தைய ஜில்லுனு கூட்டி வர்றேன்" என்று போனில் அளந்தேனே, அப்போது உன் காருக்குள்தான் பனியனோடு வெந்துகொண்டிருந்தேன். இதை வாயால் சொன்னால் நீ சிரிப்பது காதில் விழும். அதனால்தான் எழுத்து. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை.

காற்றே சரியாக வரவில்லையே என்று டேஷ்போர்டுக்குள் கையை விட்டு, காற்றை வடிகட்டும் அட்டையை உருவினேன். அதில் ஒரு எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது; மெத்தைக்கு உன் சாக்ஸைத்தான் எடுத்திருக்கிறது, பாவம், அதற்கு மூக்கு இல்லை போலிருக்கிறது. தட்டிச் சுத்தம் செய்து மாட்டினேன். முன்பு மெதுவாகச் சுட்ட காற்று இப்போது வேகமாகச் சுட்டது. சரியென்று பானெட்டைத் திறந்து ஸ்பானரைக் கையில் எடுத்தால், உன் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏங்க, ரிப்பேர் பண்றீங்களா, பிரிச்சுப் பங்கு போடுறீங்களா? என் தம்பி வண்டிங்க அது!" "உன் தம்பிக்கும் ஒரு பங்கு வைக்கிறேன்டி" என்றேன்.

பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். சிரித்து முடித்த பிறகு அவர் கேட்டார்: "அண்ணே, ஏசி போட்டா முன்னாடி 'டக்'குனு சத்தம் வருதா?" வரவில்லை. "அப்போ ஃபியூஸ் பெட்டியத் திறங்க. ஏசிக்குக் கரண்ட் விடுற ரிலேன்னு ஒண்ணு இருக்கும், சின்னதா, கறுப்பா. பக்கத்துல அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும். அதப் பிடுங்கி இதுல சொருகிப் பாருங்க. 'டக்'குனு கேட்டா பழைய ரிலே காலின்னு அர்த்தம்." சொருகினேன். டக்! என்ன குளிர் மச்சான்! உன் அக்கா துவைத்த துணியைக் கூடையோடு தூக்கிவந்து, காருக்குள் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். சாப்பாடு எங்கே என்று கேட்டதற்கு, "அடுப்படில இருக்கு, எனக்கும் இங்கயே கொண்டாந்துடுங்க" என்றாள். பக்கத்துக் குழி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. பழைய ரிலேயை அதில் அழுத்திவிட்டுப் பானெட்டை மூடினேன்.

ஆகவே கவலையில்லாமல் வந்து இறங்குங்கள். குழந்தைக்கு ஒரு சொட்டு வேர்வை அரும்பாது, நான் பொறுப்பு. தொப்பியும் கம்பளியும் கட்டாயம் எடுத்து வையுங்கள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். உனக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் முடியும் முளைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவிடம் மாட்டிக்கொண்ட அத்தான்.

பி.கு.: அந்தப் பக்கத்துக் குழி ஹாரனுடையதாம். ஹாரன் இப்போது அடிப்பதில்லை. புது ரிலே திங்கட்கிழமைதான் கடைக்கு வருமாம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். அதற்குக் கண்ணாடியை இறக்கித்தான் வைக்க வேண்டும். கம்பளி வேண்டாம், விசிறி கொண்டு வரவும். நேற்று தெருமுனை வரை ஒத்திகை பார்த்தோம். உன் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.