ஒரு வீடு, இரண்டு கரண்ட் மீட்டர்

கரண்ட் மீட்டரைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதையைச் சொல்லிவிடக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து ரிட்டையர் ஆனவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. 'மீட்டர் சார்' என்றால் அந்த ஏரியா நாய்களுக்குக்கூடத் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் எனக்குச் சர்க்கரை ஏறியது. "மூணு மாசம் தினமும் நடங்க. குறையலைன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். ஊசி என்றால் எனக்கு நாற்பத்தைந்து வயதிலும் கைகால் தந்தியடிக்கும். அன்றே வெள்ளை ஷூ வாங்கினேன். மறுநாள் எட்டாவது குறுக்குத் தெரு, பெங்களூர் பாஷையில் எட்டாவது கிராஸ், வரை நடந்தேன். அங்கே ஓர் ஓட்டலில் வெண்ணெய் மசால் தோசை கிடைத்தது. மூன்றாம் நாள் நடையை விட்டுவிட்டுத் தோசைக்கு மட்டும் ஆட்டோவில் போனேன்.

என் மனைவி இதை மீட்டர் சாரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார்.

"வாங்க சார், ஒரு வீடு காட்டறேன்."

பதினொன்றாவது கிராஸில் ஓட்டுக்கூரையும் செண்பக மரமுமாக ஒரு பழைய பங்களா. முன்னால், ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பெண்கள். பனியில் சால்வைதான் தெரிந்தது.

"ஒரே வீடு, ரெண்டு மீட்டர். பாத்தீங்களா? அக்கா தங்கச்சி. இருபது வருஷமாப் பேச்சில்ல. தங்கச்சி மீட்டர்ல மாசம் நாப்பது யூனிட்தான் ஓடும். திடீர்னு ஒரு மாசம் நூத்தி இருபது! விடிய விடிய லைட்டு எரிஞ்சிருக்கு. ஏன்?"

"ஏன் சார்?"

"மிச்சம் நாளைக்கு. பதிமூணாவது கிராஸ் போனாத்தான் சொல்ல வரும்."

கதை வளர வளர கிராஸும் வளர்ந்தது. தோசை ஓட்டலைத் தாண்டிப் போவதையே நான் கவனிக்கவில்லை. ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கச்சிக்காகப் பெருமூச்சு விட்டேன்.

மூன்றாம் மாதம், மகள் பிரசவம் என்று மீட்டர் சார் சேலம் போய்விட்டார். அக்கா சமாதானமாகப் போய்த் தங்கச்சி கதவைத் தட்டக் கையைத் தூக்கிய இடத்தில் கதை நின்றிருந்தது. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் பெரிய மனுஷத் தோரணையில் அந்த வீட்டுக் கேட்டைத் திறந்தேன்.

போர்டிகோவில் ஓர் அறுபது வயதும் ஒரு முப்பது வயதும் ஒரே முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தன.

"எத்தனை நாளைக்கும்மா இந்தச் சண்டை? கூடப் பிறந்தவங்க..."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தே, அந்தச் சக்கரை சார்!"

"ஏய், என்கிட்ட பேசாத!" என்று பெரியவர் சமாளிக்கப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். "நாங்க மாமியார் மருமக சார். அந்த இன்னொரு மீட்டர் மாடில குடியிருந்தவங்களுக்குப் போட்டது. மீட்டர் சார்தான் வந்து கேட்டுக்கிட்டாரு. 'என் ஃப்ரெண்டுக்கு ஊசின்னா பயம். கதைக்காகத்தான் நடக்கறாரு. அவர் வர்ற நேரம் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கிட்டு நில்லுங்கம்மா'ன்னாரு. குளிர்ல ஸ்வல்ப கஷ்டம்தான். ஆனாலும் தினம் நின்னோம்."

டெஸ்டில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

மீட்டர் சார் சேலத்திலிருந்து வந்ததும் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகத்தான் இருந்தேன். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சரியாக ஆறு மணிக்கு வாசலில் நின்றார்.

"எங்க விட்டேன் சார்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் வெள்ளை ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன். "அக்கா கதவைத் தட்டப் போறாங்க" என்றேன்.

"ஆங்! அதுக்கு இன்னும் ரெண்டு கிராஸ் நடக்கணுமே?"

"நடப்போம் சார்."

ஆறு வருஷம் நடந்தோம். அக்கா கதவைத் தட்டவே இல்லை. எங்கே தட்டிவிடப் போகிறாளோ என்றுதான் எனக்குத் தினமும் பயமாக இருந்தது.