நோர்வே அக்காவும் வளையாத பலகைகளும்

அன்று அந்த மேட்டில் நின்றவர்கள்: நான். என் மனைவி சாந்தி. டெனிஷ்காரி கிர்ஸ்டன், ஊன்றுகோலோடு. நோர்வே அக்கா, காலில் பனியில் சறுக்குகிற இரண்டு ஸ்கீப் பலகையோடு. வேறு ஒருவரும் இல்லை. அந்தக் குளிரில் புத்தியுள்ளவர்கள் வெளியே வரமாட்டார்கள்.

டென்மார்க்கில் மலை இல்லை என்பதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதப்பிறவி நோர்வே அக்காதான். சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. புரொண்பி என்ற ஊரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து முதலில் போனது நோர்வேயின் வடக்குக்கு, மீன் பக்டரி வேலைக்கு. அங்கே ஸ்கீ பழகினார். பிறகு இங்கே கலியாணம் கட்டி வந்தார். புருஷன் காலமானபிறகும் இங்கேயே நின்றுவிட்டார். நாட்டை மட்டும் மன்னிக்கவில்லை.

"இதென்ன நாடு தம்பி? தோசைக்கல்லு. சறுக்கி விழக்கூட ஒரு இடம் இல்லை."

"ஓம்," என்பேன் நான்.

"உமக்கு ஓம் எண்டதைத் தவிர வேற ஒண்டும் தெரியாதோ?"

"இல்லை."

"அப்பாடா, ரெண்டாவது சொல்லு வந்திட்டுது!"

அக்காவிடம் ஒரு கொள்கை இருந்தது. கை வேலையாய் இருக்கும்போதுதான் போன் அடிக்கும். சும்மா பார்த்துக்கொண்டு இருந்தால் அடிக்காது. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். விசா கிடைத்த செய்தி மா குழைக்கும்போது வந்தது. கலியாணம் சரிவந்த செய்தி தலையில் சவர்க்காரம் வைத்திருக்கும்போது வந்தது. நாங்கள் சிரிப்போம்.

ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அந்தச் சிரிப்பு நின்றது. அக்காவின் தங்கச்சி சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தா. தங்கச்சி, புருஷன், மூன்று பிள்ளைகள். ஐந்து பேர். கடைசி மாதங்களில் தொடர்பு அறுந்தது. சண்டை ஓய்ந்தபிறகு மற்ற வீடுகளுக்கு முகாமிலிருந்து ஒவ்வொன்றாகப் போன் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அழவில்லை. மா குழைத்தார்.

போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழைத்தார். ரொட்டி, புட்டு, இடியப்பம். மாடிப்படியிலுள்ள எல்லா வீட்டுக்கும் வந்தது. எங்களுக்கும் கீழ்வீட்டுத் துருக்கிக்காரர் புட்டுக்குச் சம்பல் கேட்கத் தொடங்கிவிட்டார். என் பெல்ட்டுக்கு இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டேன்.

மா தீர்ந்த கிழமை எங்கள் வீட்டு உட்கூரைக்குப் பெயின்ற் அடிக்க ஏணியோடு வந்தார்.

"கூரை நல்லாத்தானே கிடக்கு அக்கா," என்றா சாந்தி.

"கூரைக்கில்லைப் பிள்ளை. போனுக்கு."

பிறகொரு நாள் இரண்டு கையிலும் மருதோன்றி அப்பிக்கொண்டு எங்கள் சோபாவில் இருந்தார். போன் அடித்தது. மருதோன்றிக் கையோடு பாய்ந்து எடுத்தார். ஜன்னல் விற்கிற டெனிஷ்காரன். அவனுக்குத் தமிழிலும் நோர்வீஜியனிலும் டெனிஷிலும் ஏச்சு விழுந்தது. எங்கள் சோபா இன்றைக்கும் சிவப்பு.

அந்த மாரிக் குளிரில் வழக்கத்துக்கு மாறாகப் பனி கொட்டியது. இஷொய் என்ற ஊரில் அக்கா வேலை செய்த முதியோர் இல்லத்தில் கிர்ஸ்டனும் வேலை. வருடா வருடம் வெளிநாட்டு மலைக்கு ஸ்கீ ஓடப் போகிறவள். ஆழமான தூள்பனிக்கென்று ஒரு சோடிப் பலகை வாங்கியிருந்தாள். நன்றாக ஓடத் தெரிந்த பெண்களுக்கென்றே செய்தது. அகலம். கனம். வளையவே வளையாது. முதல் நாளே அவளுடைய முழங்காலை முறித்துவிட்டது. "நீ ஓடிக் காட்டு, உனக்கே தருகிறேன்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

குப்பையைக் கொட்டி மேலே மண் போட்டு எழுப்பிய மேடு ஒன்று பக்கத்தில் இருந்தது. டெனிஷ்காரர் அதை மலை என்பார்கள். என்னுடைய வான் வண்டியில் போனோம்.

அக்கா ஒரு பலகையை முழங்காலில் வைத்து அமத்திப் பார்த்தார். அசையவில்லை.

"என்ர மாமி மாதிரி இருக்கு," என்றார்.

கிர்ஸ்டன் விளக்கினாள். மெதுவாகப் போனால் இது சொல்லுக் கேளாது. வேகம் எடுத்து, முழுப் பலத்தையும் போட்டு அமத்தினால்தான் திரும்பும்.

சாந்தி பொறுக்கமாட்டாமல் கேட்டா. "இந்த வயசில இது தேவையோ அக்கா?"

"பிள்ளை, ரெண்டு கையிலயும் தடி. அதுக்கு மேல தடிச்ச உறை. போன் ஸ்வெட்டருக்குள்ள. ஸ்வெட்டர் ஜாக்கெட்டுக்குள்ள. இதைவிட எடுக்க ஏலாத இடம் உலகத்தில இல்லை. இண்டைக்கும் அடிக்காட்டி..."

தடியை ஊன்றித் தள்ளினார்.

முதல்தரம் பிரேக் இல்லாத லொறி. நேரே போய்ப் பற்றைக்குள் நுழைந்தது. முள்ளைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

இரண்டாம்தரம் அமத்தினார். பலகை கேட்டது. பனி இரண்டு பக்கமும் எழும்பி நின்றது. இடம், வலம், இடம். சேலையில் மட்டும் நான் பார்த்த மனுசி. கிர்ஸ்டன் ஊன்றுகோலைத் தூக்கிக் கூவினாள். அந்த வருடம் முதல்முறையாக அக்கா சிரித்ததைப் பார்த்தேன்.

மூன்றாம்தரம் பாதி மேட்டில் போன் அடித்தது.

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அடித்தது எங்களுக்கே கேட்டது. அக்கா ஒரு தடியை எறிந்தார். மற்றதையும் எறிந்தார். உறையைப் பல்லால் இழுத்தார். கை உள்ளே போனது. பலகையை அமத்த ஆள் இல்லை. அது தன்பாட்டில் நேரே போனது. போன் வெளியே வந்ததும் அக்கா பனிக்குவியலுக்குள் தலைகுப்புறப் போனதும் ஒரே நேரம். கால் இரண்டும் மேலே. பலகைகள் கழலவில்லை. அப்போதும் வளையவில்லை.

"உங்கை என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போனைத் தேடுங்கோ!" என்று சாந்தி கத்தினா. அவ அக்காவை இழுக்க ஓடினா. நான் சத்தம் வந்த இடத்தில் நாய் மாதிரித் தோண்டினேன். கிடைத்தது.

"ஹலோ."

"ஆர் கதைக்கிறது? அக்கா இல்லையோ?" பெண் குரல்.

"மேல்மாடி அக்காவோ? நான் கீழ்வீடு."

"அண்ணை, நான் தங்கச்சி. அக்கா எங்கை?"

"பனிக்குள்ள."

"ஐயோ! செத்துப்போனாவோ?"

"இல்லை. பலகையோட."

அவவுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. வேகமாகச் சொன்னா. "இது ஆரோ ஒருத்தற்றை போன், காசு முடியப்போகுது. நம்பரில கடைசி ரெண்டும் மறந்துபோச்சண்ணை. போன் கிடைக்கேக்க எல்லாம் மாத்தி மாத்தி அடிச்சு எத்தினை டெனிஷ்காரரிட்ட ஏச்சு வாங்கிப்போட்டன். அக்காட்டச் சொல்லுங்கோ, நாங்கள் ஐஞ்சு பேரும் இருக்கிறம். முகாமில ஒரு பொம்பிளைப் பிள்ளையும் பிறந்திருக்கு. அக்கான்ர பேரைத்தான்..." கட்டாகிவிட்டது.

திரும்பினேன். சாந்தி அக்காவை இருத்தியிருந்தா. புருவமெல்லாம் பனி. ஆர் என்று கேட்கவில்லை.

"எத்தினை பேர் தம்பி? ஒளிக்காமல் சொல்லும். எத்தினை பேர் மிச்சம்?"

இந்த நாட்டில் எனக்கென்று கூடப்பிறந்த ஒருவரும் இல்லை. அக்கா ஒருவர்தான் அப்படி. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆசையாக இருந்தது. ஒரு சொல்தான் வந்தது.

"ஆறு."