டிரைவர் சரியில்லாத லப்டொப்

கறுப்புத் திரையின் இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. வீரசிங்கம் மாஸ்டர் அதையே கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

லப்டொப் அவருடையதல்ல, மனைவி கலாராணியுடையது. ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவை அவள்தான் நடத்துகிறாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் அறுபது குழந்தைகள் அவள் பொறுப்பு. ஆறு வருடமாகியும் வேலை இன்னும் தற்காலிகம்தான். அது நிரந்தரமாக வேண்டுமானால் பதுளையில் அதிகாரிகள் முன்னால் படம் காட்டிப் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தாள். இன்றைக்கு வியாழன். படங்கள், குழந்தைகளின் எடைக் கணக்கு எல்லாம் இந்த லப்டொப்புக்குள்.

அதில் இருந்தது லினக்ஸ். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை. 2008 ஓகஸ்ட் விடுமுறை, கணக்குப் படிப்பிக்கப் பிள்ளைகள் இல்லை. தபாலில் இலவசமாக வந்த புதுப் பதிப்புச் சீடி மேசையில் கிடந்தது. தினமும் லப்டொப்பைக் கையோடு கொண்டுபோகிறவள், அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"நாளைக்குப் பேசுறப்ப ஒரு வேகம் வேணாமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சீடியை உள்ளே தள்ளிவிட்டார். அதன் பலன்தான் இந்தக் கறுப்புத் திரை.

பண்டாரவளையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஸலீமுக்குப் போன் எடுத்தார்.

"லோகோ வந்துச்சா மாஸ்டர்?"

"வந்துச்சு. அப்புறம் போயிருச்சு."

"எங்க போச்சு?"

"அது தெரிஞ்சா ஒங்களுக்கு ஏன் போன் எடுக்கிறேன்?"

ஸலீமுக்கு உடனே புரிந்துவிட்டது. "புதுப் பதிப்புக்கும் ஒங்க கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒத்துவரல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல பேசி வைக்கிறதுதான் டிரைவர். அது சரியில்ல. சேஃப் மோட்ல தொறந்து பாருங்க."

திறந்தார். படம் வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பஸ் பெயர்ப்பலகை அளவு. ஒரு குழந்தையின் மூக்கும் பாதிக் காதுமே திரையை நிறைத்துவிட்டன. எடை வரைபடத்தில் எடை ஏறிய ஐந்து வருடமும் திரைக்கு வெளியே போய், ஏறாத முதல் வருடம் மட்டும் உள்ளே நின்றது. இதைக் காட்டினால் இருக்கிற தற்காலிக வேலையும் போய்விடும்.

லப்டொப்பைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பண்டாரவளை பஸ்ஸில் ஏறினார். சாரதிக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. தெமோதர தாண்டும்போது ஸலீம் அழைத்தான். இரைச்சலில் மாஸ்டர் கத்திப் பேச வேண்டியதாயிற்று.

"இல்ல ஸலீம், இந்த டிரைவருக்கு ஒண்ணுமே தெரியல! ஆமா, பேருதான் டிரைவர். முன்னால என்ன இருக்குன்னே வெளங்கல... இல்லல்ல, திருத்தி வேலையில்ல. தூக்கிட்டு வேற டிரைவரப் போடணும். இன்னைக்கே!"

பஸ் ஓரமாக நின்றது. சாரதி மாரிசாமி எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இருபத்திரெண்டு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன் மாஸ்டர். ஒரு கோழி செத்ததில்ல. எனக்கு என்ன தெரியலன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"ஐயோ, ஒங்களச் சொல்லலைங்க. லப்டொப்புக்குள்ள இருக்கிற டிரைவர்."

மாரிசாமி பையைப் பார்த்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி பையைப் பார்த்தார்.

"லீவு விட்டா வாத்தியாருங்களுக்கு இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பரிதாபப்பட்டது. பஸ் நகர்ந்தது. பண்டாரவளை வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் மாரிசாமி, "வளைவு தெரியுது மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே திருப்பினார்.

ஸலீமின் கடையில் புது டிரைவர் இறங்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பிறகு இன்டர்நெட்டில் தேடி, எதையெதையோ தட்டி, லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட்டான். திரை பளிச்சென்று வந்தது. முழு அளவு, அசல் நிறம். அறுபது குழந்தைகளும் சிரித்தபடி வௌவால்போல் தலைகீழாகத் தொங்கினார்கள்.

"ஸலீம்?"

"ஒரு வெள்ளக்காரர் இதே கார்டுக்கு எழுதி வச்ச செட்டிங்க அப்படியே எடுத்துப் போட்டேன் மாஸ்டர்." ஸலீம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அவரு ஸ்கிரீனத் தலைகீழா மாட்டியிருப்பார் போல."

"அந்த வரிய எடுத்திருங்க."

எடுத்தான். திரை முழுக்கக் கறுத்தது. இந்த முறை மூலையில் மின்னிய கோடுகூட இல்லை. ஸலீம் வியர்க்க வியர்க்க ஒரு மணி நேரம் போராடி, தொங்கும் குழந்தைகளை மீட்டெடுத்தான்.

"இதுக்கு மேல கை வச்சா இதுவும் போயிரும். இப்படியே கொண்டு போங்க."

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது கலாராணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"பண்டாரவளைக்கு. கரட் வாங்க."

"கரட் எங்க?"

"வெல கூட."

அவள் ரொட்டியை எடுத்து அவர் தட்டில் போட்டாள். அவருக்குப் பிடித்த கட்டச் சம்பலை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட வைத்தாள்.

"கலா, நாளைக்கு..."

"நாளைக்கு நான் பாத்துக்கிறேங்க. சாப்பிடுங்க."

"இல்ல, அந்த லப்டொப்..."

"களைச்சுப் போய் இருக்கீங்க. படுங்க."

காலையில் அவர் எழும்பியபோது அவள் ஆறரை பஸ்ஸில் போயிருந்தாள். லப்டொப் பை கதிரையில் அப்படியே கிடந்தது.

மறந்துவிட்டுப் போய்விட்டாள்! போன் எடுத்தார், நிறுத்தி வைத்திருந்தாள். முகம் கழுவாமல் த்ரீவீலர் பிடித்தார்.

வழியில் ஒருமுறை லப்டொப்பைத் திறந்து பார்த்தார். உத்தரத்தில் தராசைக் கட்டி, அழுகிற பிள்ளை ஒன்றைத் தொங்கவிட்டு, கலாராணி எடை பார்க்கிற படம். தலைகீழாகப் பார்த்தாலும் அவளுடைய சிரிப்பு அவளுடைய சிரிப்புத்தான். மழை என்று பார்க்காமல், காய்ச்சல் என்று பார்க்காமல், ஒவ்வொரு மாதமும் அறுபது பேரையும் தூக்கி நிறுத்து எழுதியவள். அந்த ஆறு வருடத்தை ஒரு சும்மா வந்த சீடியால் கவிழ்த்துவிட்டேனே என்று நினைத்தபோது மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

"டிரைவர்ல ஏதும் பிழையா சேர்?" என்றான் த்ரீவீலர்காரன். மாரிசாமி சொல்லாத ஆள் ஹாலிஎலவில் மிச்சமில்லை போலும்.

மாஸ்டர் லப்டொப்பை மூடினார். அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். புரொஜெக்டரைக் கவிழ்த்துப் பிடித்தால் படம் நேராகிவிடும். பேச்சு முடியும்வரை தானே அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதற்குப் பிறகு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பது.

பதுளையில் மண்டபத்தை அடையும்போது பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. வாசலில், அங்கே தேநீர் பரிமாறும் ஸித்தி ஸுபைதா தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கதவத் தொறங்க! கலாராணியோட வீட்டுக்காரர் நான். இந்த லப்டொப் இல்லாம அவ பேச முடியாது. எல்லாம் என் பிழை. படம் தலைகீழா வரும், நான் புரொஜெக்டரத் தலைகீழாத் தூக்கிப் பிடிக்கிறேன். பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

உள்ளே பெரிய கைதட்டல் கேட்டது. ஸித்தி ஸுபைதா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கலாராணி மிஸ்ஸுக்கு இப்பதான் நிரந்தர நியமனக் கடிதம் குடுக்கிறாங்க. அதுக்குத்தான் அந்தக் கைதட்டு."

"பேசாமலேயா குடுக்கிறாங்க?"

"மிஸ் செவ்வாய்க்கிழமையே வந்து நல்லாப் பேசிட்டுப் போயிட்டாங்களே சேர்! வெள்ளிக்கிழமைன்னு சொல்லி வச்சாத்தான் நீங்க வியாழக்கிழமை வரைக்கும் லப்டொப்புல கை வைக்காம இருப்பீங்களாமே?"