ரிஜெக்ட் சீல் வாங்கிய சத்துணவு முட்டை

நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் க்யூசி. அதாவது, அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். (இதே வேலையை வீட்டில் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பது என் மனைவி விஜயாவின் புகார்.) வருஷக்கணக்கில் அடுத்தவன் தப்பையே பார்த்துப் பழகியவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். தன் கையால் ஒரு தப்பு நடந்தால் அதை ஒத்துக்கொள்ளும் பாகம் உடம்பில் வேலை செய்யாது. மூளையும் ஷிப்ட் முடிந்த மாதிரி கிளம்பிப் போய்விடும். எனக்கு அது கிளம்பிப் போன நாளில் என்ன நடந்தது என்பது எங்கள் ஊரில் நாலு தெருவுக்குத் தெரியும். ஐந்தாவது தெருவுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா காலம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை வீட்டில் உட்காரவைத்து டிவியிலும் செல்போனிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பாடம் போனில் போகும். மதியச் சோறு போகாதே. அதனால் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டை என்று பொருளாகவே கொடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. விஜயா எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அந்த வேலைக்கு அவள் எழுதிப் போட்டுக் காத்திருந்த காலத்தில் எங்கள் மகள் பிறந்து, பேசி, எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டாள். அப்படி வந்த வேலை.

மற்ற தெருக்காரர்கள் பள்ளிக்கு வந்து, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, பையில் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர்க் கடைசியில் இருந்த லைன் வீட்டுத் தெருவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே யாருக்கோ காய்ச்சல் உறுதியாகி, தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பங்கை நாம்தான் கொண்டுபோய்த் தகரத்துக்கு மேலாகக் கொடுக்க வேண்டும். அரிசியும் பருப்பும் முந்தின நாளே போய்விட்டன. முட்டை மட்டும் பாக்கி. அன்றைக்கு அதைப் பார்வையிட ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆபீசர் மேடம் வருவதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

கம்பெனி மூடி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குச் சேவை மனப்பான்மை பொங்கியது.

"முட்டைய நான் எடுத்துகினு போறேன்" என்றேன்.

விஜயா யோசிக்கவே இல்லை. "வேணாங்க. பஞ்சாயத்து வண்டி வருது. அது மெதுவா போவும்."

"ஜப்பானுக்குப் பார்ட் பேக் பண்ணி அனுப்பறவன் நானு. ஒரு கீறல் வந்ததில்ல. தோ இருக்கிற தெருவுக்கு முட்டை கொண்டுபோவ மாட்டனா?"

"பார்ட்டு இரும்புங்க."

அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே அறிவான பேச்சு அதுதான். நான் காதில் வாங்கவில்லை.

முட்டை அட்டைகளை மொபெட்டின் பின்சீட்டில் அடுக்கி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினேன். கட்டுவதற்குச் சணல் கயிறு கொடுத்தாள். க்யூசிக்காரன் சணல் கயிற்றைத் தொடுவானா? லாரியில் லோடு கட்டுகிற ராச்செட் பெல்ட் என்னிடம் இருந்தது. அதன் பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் "கிளிக்" என்று ஒரு பல் இறுகும். அட்டை லேசாக ஆடியது. ஒரு கிளிக். இன்னும் லேசாக ஆடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. இன்னொரு கிளிக். கடைசி கிளிக்கில் உள்ளேயிருந்து சின்னதாக "நறுக்" என்று ஒரு சத்தம். பெல்ட் செட் ஆகிறது என்று திருப்தியாகத் தட்டிக்கொடுத்தேன். எந்த நட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று சுவரில் சார்ட் ஒட்டிவைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களை மிரட்டுகிறவன் நான். முட்டைக்கும் அப்படி ஒரு அளவு இருக்கும் என்று எனக்கு யாரும் சார்ட் ஒட்டவில்லை.

லீவில் இருந்தாலும் கம்பெனி யூனிபார்ம் போட்டு, கழுத்தில் டேக் மாட்டிக்கொண்டேன். அப்போதெல்லாம் அந்தச் சட்டைதான் பாஸ்போர்ட். அது இருந்தால் போலீஸ் விடும். சட்டைப் பையில் என் இரண்டு சீல்களும் இருந்தன. பச்சை ஓகே, சிவப்பு ரிஜெக்ட். கட்டைவிரல் அளவுதான், மை உள்ளேயே இருக்கும். கம்பெனி திடீரென்று மூடிய நாளில் பையில் கிடந்தவை அங்கேயே தங்கிவிட்டன.

ஊருக்குள் வழியை அடைத்திருந்ததால் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். ரோட்டில் ஏறியதும் ஒரு நாய் பின்னால் வந்தது. கொஞ்ச தூரத்தில் அது இரண்டாகி, பிறகு ஒரு ஊர்வலமாகிவிட்டது. ஊரடங்கில் சோறு இல்லாத ஜீவன்கள், யூனிபார்ம் போட்டவனைப் பார்த்துப் பாசம் காட்டுகின்றன என்று உருகிப்போனேன். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். டேக்கைத் தூக்கிக் காட்டினேன். அவர் டேக்கைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா ஒழுவுது?"

"ஆயிலா இருக்கும் சார்."

"மஞ்சளாவா?"

இறங்கிப் பார்த்தேன். சைலன்சர் மேல் ஒரு ஆம்லெட் வெந்துகொண்டிருந்தது. (வாசனைக்குக் குறை சொல்ல முடியாது.) நாய்கள் மரியாதையாகச் சுற்றி உட்கார்ந்தன. ஷீட்டைத் தூக்கினால், கீழ் அட்டைகள் கூழ். மேலே பாதி தப்பியிருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. பக்கத்து ஊரில் முட்டைக் கணக்கு உதைத்ததென்று ஒரு அமைப்பாளரின் வேலைக்கே உலை வந்திருந்த சமயம். இன்றைக்கு ஆபீசர் வருகிறார். தகரத்துக்குப் பின்னால் பிள்ளைகள் நிற்பார்கள். முட்டை பாதி இல்லை. விஜயா வேலை போச்சு. அவள் வேலை போனால் நான் போச்சு. இப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. "விஜயா" என்று திரையில் பார்த்ததும் கை தானாகக் கட் பண்ணியது. மறுபடி அடித்தது. மறுபடி கட். வீரன் என்றால் அப்படித்தான்.

சேரப்பணஞ்சேரி பக்கம் பாதி ஷட்டர் திறந்த ஒரு கடையில் முட்டை கிடைத்தது. உடைந்ததற்கு ஈடாக வாங்கி அடுக்கிய பிறகுதான் அடுத்த இடி. சத்துணவு முட்டையில் அரசாங்க சீல் இருக்கும், கடையில் போய் விற்றுவிடக் கூடாதென்று. அந்த வாரம் சிவப்பு சீல். கடை முட்டை மொழுக்கென்று வெள்ளையாக இருந்தது. யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

என் சட்டைப் பையில் ஏதோ இடித்தது.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை நிறுத்தலாம். அன்றைக்கு நிறுத்த ஆள் இல்லை. சிவப்புக்குச் சிவப்பு, வட்டத்துக்கு வட்டம். முட்டையில் எழுத்தை எவன் படிக்கப்போகிறான்? வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, கடை முட்டை ஒவ்வொன்றிலும் ரிஜெக்ட் சீலைப் பதமாக, சரியாக நடுவில், ஒரே கோணத்தில் குத்தினேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்குத் தரம் முக்கியம். தினமும் குத்திக் குத்தி, அந்த எழுத்து என் கண்ணுக்குத் தெரிவதையே நிறுத்தியிருந்தது. நிறம்தான் தெரிந்தது.

லைன் வீட்டுத் தெருவில் தகரத்துக்கு மேலே பிளாஸ்டிக் டப்பில் வைத்து வைத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்தவர்கள் வீட்டுவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆபீசர் வருவதற்குள் வேலை முடிந்தது. நெற்றியைத் துடைத்தேன். தகரத்துக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. தேவி என்ற பெண், ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். இரண்டு பிள்ளைகளின் அம்மா.

"ணா, இது இன்னா?"

"முட்டைமா."

"அது தெர்து. மேல இன்னா?"

"கவர்மெண்ட் சீலு."

"ணா, நான் கார் சீட் கம்பெனில லைன்ல கீறேன். இந்தச் சீல பாத்துதான் டெய்லி சூப்பர்வைசர் கையால திட்டு வாங்கறேன். இது கவர்மெண்ட் சீலா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஏதாவது ஒரு கம்பெனி லைனில் நிற்கிறவர். வேறெந்த இங்கிலீஷ் வார்த்தையைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வார்த்தையைப் பத்தடி தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். சம்பளம் பிடிக்கும் வார்த்தை அல்லவா.

உள்ளேயிருந்து இன்னொரு குரல். "பக்கத்து வூட்டுக்கு நல்ல பீஸு குடுத்துட்டு, எங்க புள்ளைங்களுக்கு ரிஜெக்டா?" அதற்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், சாவதானமாக: "ரிஜெக்ட்டுக்கு ரீசன் இன்னான்னு கேளு. ரீசன் இல்லாம சீல் குத்தக் கூடாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது வந்துமா, ரிஜெக்ட்னா... பசங்களுக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சதுன்னு அர்த்தம்" என்றேன்.

தேவி முட்டையைத் திருப்பிச் சீலை என் பக்கம் காட்டினாள். "எங்க சூப்பர்வைசர் கூட இவ்ளோ கத வுடமாட்டாரு ணா."

அதற்குள் ஒரு முட்டை போட்டோவாகி வாட்ஸப்பில் தெருவைச் சுற்றிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்தது. ஆபீசர் மேடம் முன்னால் இறங்கினார். பின்னால் விஜயா. நான் மொபெட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். (மொபெட் ஒரு ஆளை மறைக்காது. அதுவும் என்னை.)

தேவி நீட்டிய முட்டையை மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம டிபார்ட்மெண்ட்ல இந்த சீல் எப்ப வந்துச்சு?"

விஜயா முட்டையைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். சிவப்பு மை பைக்கு வெளியே கசிந்திருந்தது.

"மேடம், காலையில போன்ல சொன்னேனே, முட்டை உடைஞ்சிடுச்சுன்னு. உடைச்சது இவர்தான். இது இன்னா வேலைன்னு எனக்குத் தெரியாது."

விஷயம் இதுதான். நான் வண்டியை எடுத்த இடத்தில் மஞ்சளாக ஒழுகியிருந்ததைப் பார்த்ததுமே அவள் ஆபீசருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவரும் "உடைஞ்சதை எழுதி வைங்க, நாளைக்கு மாத்து முட்டை அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லத்தான் எனக்கு அத்தனை போன். உடைந்தால் உடைந்தது என்று சொல்ல ஒரு வழி உலகத்தில் இருந்திருக்கிறது.

போயிருக்க வேண்டிய ஆபத்தை நான்தான் சீல் குத்தித் திரும்பக் கூட்டிவந்திருந்தேன். மேடத்தின் முகம் இறுகியது. "எந்தக் கடை முட்டையோ. அரசு முட்டையோட கலந்து குடுத்துட்டாரு. ஒரு பிள்ளைக்கு வயித்துக்கு ஆகலைன்னா கையெழுத்து போட்ட நீங்கதான் விஜயா பதில் சொல்லணும். நான் மேல எழுதித்தான் ஆவணும்."

விஜயா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை வருஷத்தில் என்னைத் திட்டாமல் அவள் நின்றது அன்றைக்குத்தான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

"டீச்சர், இருங்க" என்றாள் தேவி, விஜயாவைப் பார்த்து. ஸ்டூலிலிருந்து இறங்கும் சத்தம். தகரத்தில் ஒரு ஆள் பார்க்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்கு நேராக ஒரு பக்கெட் தண்ணீர் வந்தது. "எல்லா வூட்லருந்தும் சீல் குத்துன முட்டைய எடுத்துகினு வாங்க. நல்லதுன்னா முழுவும். கெட்டதுன்னா மெதக்கும். டீச்சர் எங்க புள்ளைங்களுக்கு ஒரு நாளும் கெட்டது குடுத்ததில்ல. பாத்துடலாம்."

ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். முழுகியது. முழுகியது. முழுகியது. மேடம் இடைவெளியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக்கு முந்தின முட்டை நிதானமாக மேலே வந்து, சீல் வானத்தைப் பார்க்க மிதந்தது.

தேவி அதை எடுத்துத் துடைத்தாள். "மேடம், இது ஒண்ணுலதான் அண்ணன் சீல கரெக்டா குத்திகீறாரு."

முதலில் உள்ளே சிரித்தார்கள். அப்புறம் ஜீப் டிரைவர். கடைசியில் மேடம், முகக்கவசத்துக்குள். "மத்ததெல்லாம் உங்க வீட்டுக்காரர் நன்கொடைன்னு வெச்சுக்கலாம். பிள்ளைங்களுக்கு அரசு முட்டை நாளைக்குத் தனியா வரும்" என்றார். பிறகு என்னிடம், "சார், நீங்க சீக்கிரம் வேலைக்குப் போயிடுங்க" என்றார். மேலே எதுவும் எழுதவில்லை. நான் கொடை வள்ளல் ஆனது இப்படித்தான்.

விஜயா என் முன்னால் கையை நீட்டினாள். "குடுங்க." சிவப்பு சீலைக் கொடுத்தேன். தொலைந்துவிட்டதென்று சொல்லிக் கம்பெனியில் வேறு சீல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கம்பெனியில் எனக்குச் சிறந்த தர ஆய்வாளர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ போட்டு. பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதில் என் நெற்றிக்கு நடுவே, சரியான கோணத்தில், ஒரு சிவப்பு வட்டம் விழுந்திருந்தது. அதை அப்படியே பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம், "இன்னா நெத்தியில சீலு?" என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் மாட்டியிருக்கிறது. விஜயா பாய் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விடுவேன்.

நாய்கள் வரும் இடத்தில் ஒரு சிரிப்பு, பக்கெட் வரும் இடத்தில் பெரிய சிரிப்பு. அதற்கப்புறம் அவள் குரல் மட்டும் உள்ளே வரும்.

"ஏங்க, டீத்தூள் டப்பாவ மூடும்போது ஒரு கிளிக் கம்மியாவே மூடுங்க."